தங்கச்சிக்கு மிஷன் காலேஜ்ல பி.எஸ்சி நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு, அமுச்சி (பாட்டி) விட மாட்டேங்குது, அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

பல்லடம்_பஸ்_37:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. தங்கச்சிக்காகத்தான் இந்தப் போஸ்ட். ப்ளஸ் டூல பயாலஜி குரூப், தமிழ் மீடியம், ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல்தான், 600க்கு 487 எடுத்திருக்கா. டாக்டர் ஆகோணும்னெல்லாம் அவ சொன்னதே இல்ல, நர்ஸ்தான் ஆகோணும்னு ஒரே புடி. எங்கம்மா கடைசி ரெண்டு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தப்ப அங்க இருந்த ஒரு சிஸ்டர் டூட்டி முடிஞ்சு போறதுக்கு முன்னாடி வந்து அம்மாவுக்கு தலை வாரி விட்டுட்டு போகும், அதப் பாத்துத்தான் இவளுக்கு இந்த ஆசை வந்துச்சுனு நெனக்கறேன், அவ அதப் பத்தி பேச மாட்டா.

இப்ப ஒரு கிறிஸ்டியன் மிஷன் காலேஜ்ல மேனேஜ்மெண்ட் சீட்டு தர்றோம்னு சொல்லியிருக்காங்க. கவர்மெண்ட் கவுன்சிலிங்கும் அப்ளை பண்ணியிருக்கோம், அது எப்ப வரும்னு தெரியல. பிரச்சனை என்னன்னா எங்க அமுச்சி. அங்க போனா பொட்டு வெக்க உட மாட்டாங்க, பூ வெக்க உட மாட்டாங்க, வளையல கழட்டச் சொல்லுவாங்க, நாலு வருஷம் கழிச்சு எஸ்தர்னு பேர் வெச்சுக்கிட்டு வந்து நிப்பானு ஒரே அழுகை. அப்பா தறி ஓட்டறாருங்க, அவரு ஒண்ணும் பேச மாட்டேங்கறாரு, பக்கத்து வீட்டு பெரியம்மா வேற நைட் டூட்டி பாக்கற புள்ளைய எவன் கட்டுவான்னு கெளப்பி உட்டுட்டாங்க.

அப்பறம் இன்னொண்ணு, நாங்க இது கிறிஸ்டியன் யூனிவர்சிட்டினு நெனச்சுத்தான் போனோம், ஆனா ஃபாரத்துல எம்ஜிஆர் யூனிவர்சிட்டினு போட்டிருக்குது, இது என்ன கணக்குங்க? தமிழ் மீடியத்துல படிச்ச புள்ள சமாளிக்குமா? படிச்சு முடிச்சா இத்தனை வருஷம் அவங்க கிட்டயே வேலை பாக்கோணும்னு பாண்டு எழுதி வாங்குவாங்கனு சொல்றாங்களே அது நெசமா? படிச்சு முடிச்சா வெளிநாடு போக முடியுமா? எல்லாத்தையும் ஒண்ணா கேக்கறேன், கோச்சுக்காதீங்க, எங்க வீட்ல காலேஜ் போற மொதல் ஆளு அவதான்.

டோக்கன்_14:

ஒரே ஒரு கேள்வி தம்பி. அந்த காலேஜுக்கு சொந்தமா ஆஸ்பத்திரி இருக்கா? இருந்தா அதுல பேஷண்ட் இருக்காங்களா? இத மொதல்ல போய்ப் பாத்துட்டு வாங்க, மதம் எல்லாம் அப்பறம் பேசிக்கலாம்.

வடாற்காடு_சிஸ்டர்:

தம்பி, நான் வேலூர்ல படிச்சவ, முப்பத்தி சொச்சம் வருஷம் வார்டுல ஓடிட்டு இப்பத்தான் ரிட்டயர்டு ஆகி உக்காந்திருக்கேன், நெறைய எழுதுவேன், பொறுமையா படி. நாங்களும் இந்துக் குடும்பம்தான், குடியாத்தம் பக்கம், எங்கப்பாவுக்கு பீடி சுத்தற வேலை. எங்க பாட்டியும் இதே ஒப்பாரிதான் வச்சிது.

மொதல்ல அந்த பொட்டு பூ வளையல் கதைய முடிச்சிடறேன். வளையல கழட்டச் சொல்றது மதத்துக்காக இல்ல. முழங்கைக்கு கீழ மோதிரம், வளையல், சாமி கயிறு, நக பாலிஷ் எதுவுமே இருக்கக் கூடாது, ஏன்னா கைய கழுவினாலும் வளையலுக்கு அடியில கிருமி ஒக்காந்துக்கும், ஒரு பேஷண்ட் புண்ணுல இருந்து அடுத்த பேஷண்டுக்கு நாமளே கொண்டு போய் சேத்துருவோம். இது கவர்மெண்ட் ஆஸ்பத்திரி நர்சிங் காலேஜ்லயும் இதே ரூல்தான். சிலுவை மோதிரம் போட்டிருந்த கிறிஸ்டியன் பொண்ணையும் கழட்ட வச்சாங்க எங்க டியூட்டர். பூவும் அப்படித்தான், தலைமுடிய கொண்டை போட்டு வலை மாட்டணும், டிரெஸ்ஸிங் பண்ணும்போது புண்ணு மேல மல்லிப்பூ உதுந்தா என்னத்துக்கு ஆகும். பொட்டு சின்னதா வச்சிக்கலாம், நான் நாலு வருஷமும் வச்சேன். உங்க பாட்டி கிட்ட இத கடைசி வரி விடாம படிச்சுக் காட்டு.

இப்ப யூனிவர்சிட்டி விஷயம். நம்ம தமிழ்நாட்டுல மிஷன் நடத்தற நர்சிங் காலேஜ் பெரும்பாலும் தனி யூனிவர்சிட்டி கிடையாது, காலேஜ நடத்தறது சபை, டிகிரி குடுக்கறது கிண்டில இருக்கற டாக்டர் எம்ஜிஆர் மெடிக்கல் யூனிவர்சிட்டி. நான் படிச்ச வேலூர் சிஎம்சி, கிறிஸ்டியன் மெடிக்கல் காலேஜ், அதுவே அப்படித்தான், அதுக்கு முன்னாடி மெட்ராஸ் யூனிவர்சிட்டில இருந்துச்சு. பாடத்திட்டம் போடறது டெல்லில இருக்கற இந்தியன் நர்சிங் கவுன்சில். அதனால கேள்வித்தாள் மதுரையில கவர்மெண்ட் காலேஜ்ல படிக்கற பொண்ணுக்கும் உன் தங்கச்சிக்கும் ஒண்ணுதான், பைபிள்ல இருந்து ஒரு கேள்வியும் வராது, அந்த பயமே வேணாம்.

ஏன் நர்சிங்னாலே கிறிஸ்டியன்னு ஆச்சுனு உங்க வீட்ல கேட்டா இத சொல்லு. ஒரு காலத்துல நம்ம ஜனங்க யாரும் பொண்ண இந்த வேலைக்கு அனுப்பல, அடுத்தவன் மலத்த அள்றதா, கண்ட சாதிக்காரன தொடறதானு. மிஷன்காரங்கதான் அனாதைப் பொண்ணுங்களையும் விதவைகளையும் சபைப் பொண்ணுங்களையும் கூட்டி வச்சு சொல்லிக் குடுத்தாங்க. சிஎம்சிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா கதை வேலூர்ல படிச்ச எல்லாருக்கும் மனப்பாடம், திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு வீட்ல இருந்து பிரசவத்துக்கு ஆள் வந்து நிக்கிறான், ஆம்பள டாக்டர் வேணாம் பொம்பள வேணும்னு. அவங்கப்பா டாக்டர், ஆனா ஆம்பள. இந்தம்மாவுக்கு அப்ப வைத்தியம் தெரியாது. விடியறதுக்குள்ள மூணு பொண்ணும் செத்துப் போச்சு. அப்பறம் அமெரிக்கா போய் டாக்டருக்கு படிச்சுட்டு வந்து 1900ல வேலூர்ல ஒத்தை கட்டில் போட்டு ஆரம்பிச்சாங்க, 1902ல நாப்பது படுக்கை ஆஸ்பத்திரி, 1909ல நர்ஸ் பயிற்சி, 1946ல பி.எஸ்சி நர்சிங். அந்த வருஷம் டெல்லில ஒண்ணும் இங்க ஒண்ணும்தான் ஆரம்பிச்சாங்க, இந்தியாவுல நர்சுக்கு டிகிரினு ஒண்ணு வந்ததே அப்பதான். மூணு வீடு சொன்னேனே, ஒண்ணு பிராமணர் வீடு, ஒண்ணு முஸ்லிம் வீடு. பிரசவ வலிக்கு சாதி மதம் தெரியாதுனு உங்க பாட்டிக்கே தெரியும், அவங்களும் பெத்தவங்கதானே.

பிரார்த்தனை இருக்கும், இல்லனு பொய் சொல்ல மாட்டேன். காலையில டூட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வார்டுலயே ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், அஞ்சு நிமிஷம். ஞாயித்துக்கிழமை சேப்பல், அதாவது காலேஜோட சின்ன சர்ச்ல ஆராதனை. சில காலேஜ்ல சேப்பலுக்கு எல்லாரும் வரணும்னு ஹாஸ்டல் ரூல்லயே இருக்கும், சில காலேஜ்ல இஷ்டம். அத சேர்றதுக்கு முன்னாடியே வார்டன் கிட்ட நேரா கேட்டுடணும், சேந்த பின்னாடி சண்டை போடக் கூடாது. எனக்கு அந்த பாட்டெல்லாம் இன்னும் வரும், சமையல் பண்ணும்போது தானா வாயில வருது, எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். ஆனா நான் வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு திருத்தணி போறத விட்டதில்ல.

பாண்டு பத்தி மத்தவங்க சொல்லுவாங்க, எனக்கு கை வலிக்குது.

மூணாவது_செம்:

அக்கா செமயா எழுதியிருக்கீங்க. அண்ணா நான் இப்ப படிச்சுட்டு இருக்கேன், மிஷன் காலேஜ்தான், பேரு சொல்ல மாட்டேன் ஏன்னா எங்க மேம் யாராச்சும் இத படிச்சா நான் காலி. நானும் தமிழ் மீடியம். உண்மைய சொல்றேன் மொதல் ரெண்டு மாசம் அழுதேன். அனாடமி பிசியாலஜி ரெண்டும் மொதல் செமஸ்டர்லயே வந்துரும், மேம் பேசறது இங்கிலீஷா மலையாளமானே புரியாது, எலும்புக்கு மட்டும் 206 பேரு அதுல ஒவ்வொண்ணுலயும் மேடு பள்ளம் எல்லாத்துக்கும் தனித்தனி பேரு. நான் என்ன பண்ணேன்னா ப்ளஸ் டூ உயிரியல் தமிழ் புக்க எடுத்துட்டுப் போய் பக்கத்துல வச்சுக்கிட்டேன், சிறுநீரகம்னா கிட்னி, இரைப்பைனா ஸ்டொமக்னு ஒரு நோட்டு முழுக்க எழுதி வச்சேன், அந்த நோட்ட இப்ப ஜூனியர்ஸ் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்காங்க. எங்க கிளாஸ்ல மிசோரம் பொண்ணுங்க நாலு பேரு இருக்காங்க, அவங்களுக்கு இங்கிலீஷ் சூப்பரா வரும் ஆனா பேஷண்ட் கிட்ட வயித்தால போச்சா பாட்டினு கேக்க வராது, அத நாங்க சொல்லிக் குடுப்போம், அவங்க எங்களுக்கு அசைன்மெண்ட் திருத்திக் குடுப்பாங்க, அப்படியே ஓடுது.

வார்டு மொதல் செமஸ்டர்லயே போயிருவோம். ஊசி எல்லாம் உடனே போட விட மாட்டாங்க, மொதல்ல பெட் மேக்கிங்தான், பெட்ஷீட்ல ஒரு சுருக்கம் இருந்தா திரும்ப பிரிச்சுப் போடச் சொல்லுவாங்க, மூலைய மடிக்கறதுக்கே ஒரு முறை இருக்கு. எனக்கு இதெல்லாம் ஒரு படிப்பானு கடுப்பா இருந்துச்சு, அப்பறம் ஒரு தாத்தாவுக்கு முதுகுல படுக்கைப்புண்ண பாத்தேன், உள்ள எலும்பு தெரிஞ்சுச்சு, அன்னைலருந்து சுருக்கம் விடறதில்ல. ஸ்பாஞ்ச் பாத், பெட் பேன், வாய் சுத்தம் பண்றது, டெம்பரேச்சர் பல்ஸ் பாத்து சார்ட்ல போடறது, இதெல்லாம் லேப்ல பொம்மைக்கு பண்ணி காட்டி மேம் ஓகேனு கையெழுத்து போட்டாத்தான் பேஷண்ட தொட விடுவாங்க.

எழுத்து வேலைதான் கொடுமை. கேர் பிளான், கேஸ் ஸ்டடி, டிரக் ஃபைல், ஹெல்த் டாக்குக்கு சார்ட், எல்லாம் கையால. லாக் புக்குல ஒவ்வொண்ணுக்கும் சைன் வாங்கணும். அட்டெண்டன்ஸ் தியரிக்கும் பிராக்டிகலுக்கும் 80 சதவீதம் இருந்தாத்தான் எக்ஸாம், அதோட டிகிரி வாங்கறதுக்குள்ள பிராக்டிகல் 100 சதவீதம் முடிச்சிருக்கணும், அதாவது வார்டுல ஒரு நாள் லீவு போட்டா அந்த ஒரு நாள எப்பயாச்சும் ஈடு கட்டியே ஆகணும். எங்க அக்கா கல்யாணத்துக்கு போன மூணு நாள இப்ப தீபாவளி லீவுல கட்டிட்டு இருக்கேன் 😭

ஹாஸ்டல் ஸ்ட்ரிக்ட்தான், ராத்திரி ஃபோன வாங்கிடுவாங்க, வெளிய போக அப்பா கையெழுத்து வேணும். ஞாயித்துக்கிழமை சேப்பல் முடிஞ்சா பிரியாணி, அதனால சேப்பலுக்கு எல்லா மதத்துக்காரங்களும் கரெக்ட் டைம்க்கு வந்துருவாங்க.

லேம்ப் லைட்டிங்னு ஒரு ஃபங்ஷன் நடக்கும் அண்ணா, வெள்ளை யூனிஃபார்ம்ல வரிசையா நின்னு ஒரு விளக்குல இருந்து அடுத்தவங்க விளக்க ஏத்திக்கிட்டே வருவோம், நர்சுங்களுக்குனு இருக்கற நைட்டிங்கேல் உறுதிமொழி சொல்லுவோம். அன்னைக்கு உங்க அமுச்சிய கூட்டிட்டு வந்துருங்க. எங்க பாட்டி அத பாத்துட்டு கார்த்திகை தீபம் மாதிரியே இருக்குதுடினு சொன்னாங்க.

நொய்யல்_காத்து:

சும்மா சுத்தி வளைக்காதீங்க. மிஷன்காரன் எதுக்கு காலேஜ் நடத்தறான், மதம் மாத்தத்தான். பாட்டி சொல்றது சரி.

வடாற்காடு_சிஸ்டர்:

காத்து தம்பி, எங்க பேட்ச்ல நடந்தத சொல்றேன். ஒரு இந்துப் பொண்ணு மூணாவது வருஷம் நானா விரும்பித்தான்னு ஞானஸ்நானம் எடுத்துக்கிச்சு, வீட்ல பெரிய ரகளை ஆச்சு, மறைக்கல. ஒரு போதகர் பொண்ணு கேன்சர் வார்டுல குழந்தைங்கள பாத்துட்டு எனக்கு சாமியே இல்லனு சொல்லிட்டு சேப்பலுக்கு வர்றத நிறுத்திடுச்சு. மத்த நாங்க எல்லாரும் எப்படிப் போனோமோ அப்படியே வந்தோம். இருபது வயசுல சாவ பக்கத்துல நின்னு பாத்தா எல்லாருக்கும் உள்ள ஏதோ ஒண்ணு ஆடத்தான் செய்யும், அது எந்தப் பக்கம் சாயும்னு யாரும் சொல்ல முடியாது, கவர்மெண்ட் காலேஜ்ல படிச்சாலும் ஆடும்.

கரூர்_அப்பா:

என் அனுபவத்தையும் எழுதறேன், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க தம்பி. என் மகள நான் சேத்த காலேஜுக்கு முன்னாடி பெரிய சிலுவை, செயின்ட்னு ஆரம்பிக்கற பேரு, அத நம்பி சேத்தேன், கன்னியாஸ்திரிங்க நடத்தறாங்க கண்டிப்பா இருக்கும்னு. அப்பறம்தான் தெரிஞ்சுது அத நடத்தறது ஒரு ரியல் எஸ்டேட்காரர், பேரு மட்டும்தான் செயின்ட். யாரு வேணா ட்ரஸ்ட் ஆரம்பிச்சு எந்த புனிதர் பேரையும் வெச்சுக்கலாம், புனிதர் வந்து கேக்கப் போறதில்ல. ஆஸ்பத்திரினு காட்டினது ஒரு மாடிக் கட்டடம், படுக்கை எல்லாம் இருந்துச்சு, ஆனா படுக்க ஆளு இல்ல. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு பக்கத்து ஊர்ல இருந்து ஆளுங்கள வேன்ல கூட்டிட்டு வந்து படுக்க வெச்சாங்க, என் மக அந்த ஆளுங்களுக்கு பல்ஸ் பாத்து சார்ட் எழுதியிருக்கா. அந்த புள்ளைக்கு நாலு வருஷத்துல ஒழுங்கா ஒரு டெலிவரி பாக்க வாய்ப்பு கெடைக்கல. கடைசில ஒரிஜினல் சர்டிபிகேட் குடுக்கறதுக்கு ஒரு வருஷம் எங்க கிட்டயே வேலை பாருன்னாங்க, இல்லனா பணம் கட்டுன்னாங்க. கட்டினேன். அப்பறம்தான் ஒருத்தர் சொன்னார், இந்த மாதிரி பாண்டு போட்டு சர்டிபிகேட் புடிச்சு வெக்கக் கூடாதுனு நர்சிங் கவுன்சிலே சுற்றறிக்கை விட்டிருக்குனு. எனக்கு அது முன்னாடியே தெரிஞ்சிருந்தா சண்டை போட்டிருப்பேன்.

அதனால மேல டோக்கன் சொன்னதுதான் சரி. பேரப் பாக்காதீங்க. திங்கக்கெழமை காலையில பத்து மணிக்கு சொல்லாம கொள்ளாம அந்த ஆஸ்பத்திரி ஓபிக்கு போய் ஒரு மணி நேரம் உக்காருங்க. கூட்டம் இருக்கா, பிரசவ வார்டுல கொழந்தை அழற சத்தம் கேக்குதா, கேஷுவாலிட்டில ஆம்புலன்ஸ் வருதா பாருங்க. ஒரு ஸ்டூடண்டுக்கு மூணு பேஷண்டுனு கவுன்சில் கணக்கு வெச்சிருக்கு. அப்பறம் இந்தியன் நர்சிங் கவுன்சில் லிஸ்ட்லயும் தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் லிஸ்ட்லயும் அந்த வருஷத்துக்கு பேரு இருக்கானு நீங்களே பாருங்க, அவங்க காட்டற ஃபோட்டோகாபிய நம்பாதீங்க.

பல்லடம்_பஸ்_37:

ஐயா ரொம்ப நன்றிங்க, படிக்கறதுக்கே வயித்தெரிச்சலா இருக்குது. இந்த காலேஜுக்கு பழைய ஆஸ்பத்திரி இருக்குதுங்க, எங்கம்மாவ சேத்தது வேற எடம், ஆனா இங்கயும் கூட்டம் இருக்கும்னு சொல்றாங்க. திங்கக்கெழமை லீவு போட்டுட்டு போய்ப் பாக்கறேன்.

தக்கலைக்காரன்:

நான் ஆம்பள நர்ஸ், இப்ப இங்கிலாந்துல இருக்கேன், நைட் பிரேக்ல உக்காந்து இத டைப் பண்ணுறேன். கன்னியாகுமரி மாவட்டத்துல எங்க ஊருப் பக்கம் வீட்டுக்கு ஒரு நர்ஸ் உண்டும், எங்க அம்மையும் நர்ஸ், ரெண்டு சித்தியும் நர்ஸ். நெய்யூர்ல பழைய மிஷன் ஆஸ்பத்திரி உண்டு, அங்கன சாமர்வெல்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தாரு, 1922லயும் 1924லயும் எவரெஸ்ட் ஏறப் போன டீம்ல உள்ள ஆளு, மலைய விட்டுப்போட்டு வந்து இங்கன ஆப்பரேஷன் பண்ணிட்டு கெடந்தாரு, எங்க ஆச்சி அவரப் பத்தி கதை கதையா சொல்லும். அதனால எங்களுக்கு நர்ஸ் வேலை கேவலம்ங்கிற பேச்சே தெரியாது. அந்த பக்கத்து வீட்டு பெரியம்மா கிட்ட சொல்லுங்க, எங்க ஊருல நர்ஸ் பொண்ணுன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரன் கியூல நிப்பான், அவனுக்கும் சேத்து விசா கெடைக்கும்லா.

பாண்டுல ரெண்டு விதம் உண்டு கேட்டியளா. கரூர் அண்ணன் சொன்னது திருட்டு பாண்டு. இன்னொண்ணு சேரும்போதே தெரிஞ்சு போடுற கையெழுத்து. வேலூர் சிஎம்சி மாதிரி எடத்துல சபை ஸ்பான்சர் பண்ணி படிக்க வச்சா, முடிச்ச பெறவு ரெண்டு வருஷம் அந்த சபை சொல்லுற மிஷன் ஆஸ்பத்திரில வேலை பாக்கணும், ஏதாவது காட்டுக்குள்ள இருக்கும், ஒடிசா, ஜார்கண்ட்னு. பீஸ் ரொம்ப கம்மி, அதுக்கு பதிலாத்தான் இது. எனக்கு தெரிஞ்சு அந்த ரெண்டு வருஷம் போனவங்கதான் நல்ல நர்ஸ் ஆகியிருக்காவ, ஏன்னா அங்கன டாக்டர் ஒருத்தர்தான், மீதி எல்லாம் நீங்கதான். சம்பளம் கம்மிதான், அதுல மனக்கோட்டை கட்டாதீங்க. உங்க தங்கச்சிக்கு ஸ்பான்சர் இல்லாம மேனேஜ்மெண்ட் சீட்டுங்கிறதால இது வராது, ஆனாலும் அட்மிஷன் ஃபாரத்துல சின்ன எழுத்துல என்ன இருக்குன்னு வாசிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க.

வெளிநாடு போறதுக்கு: டிகிரி முடிச்சு ஸ்டேட் கவுன்சில்ல ரெஜிஸ்டர் பண்ணணும், ஆர்என் ஆர்எம்னு (பதிவு பெற்ற நர்ஸ், பதிவு பெற்ற மிட்வைஃப்) நம்பர் வரும். இங்கிலாந்துக்கு ஓஇடி இல்லன்னா ஐஇஎல்டிஎஸ்னு இங்கிலீஷ் பரீட்சை, பெறவு கம்ப்யூட்டர்ல ஒரு பரீட்சை, இங்க வந்து ஆஸ்கினு ஒரு செய்முறை பரீட்சை, அதுல நம்ம மூணாவது செம் பாப்பா சொன்ன அதே பல்ஸ் பாக்கறது, கை கழுவுறதுதான் கேப்பானுவ. நான் ஆஸ்கில கை கழுவுறதுல கோட்டை விட்டு ரெண்டாவது தடவைதான் பாஸ் ஆனேன், எட்டு வருஷ அனுபவம் உள்ளவன்! அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ்னு ஒரு நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை, அது கம்ப்யூட்டரே நம்ம பதில பாத்து அடுத்த கேள்விய மாத்தும், 85 கேள்வில நின்னாலும் நிக்கும், 150 வரைக்கும் இழுத்தாலும் இழுக்கும். ஜெர்மனிக்கு அவன் பாஷையில பி2 வரைக்கும் படிக்கணும், அது தனி தவம். ஏஜெண்ட் கிட்ட லட்சக்கணக்குல குடுக்காதீங்க, தமிழ்நாடு கவர்மெண்ட்லயே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம்னு ஒண்ணு இருக்கு, அவங்களே நர்ஸ் எடுத்து அனுப்புறாவ.

ஆனா இப்பமே வெளிநாட்ட நெனச்சு சேராதீங்க. நாலு வருஷம் இருக்கு, அதுக்குள்ள எந்த நாடு கதவ அடைக்கும் எது தெறக்கும்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஊர்லயே எம்ஆர்பி, அதான் தமிழ்நாடு கவர்மெண்டோட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், நடத்துற பரீட்சை எழுதி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போலாம், எய்ம்ஸ்க்கு நார்செட்னு ஒரு பரீட்சை உண்டும், அதுல நூத்துல எம்பது எடம் பொம்பளைங்களுக்குத்தான், எங்களுக்கு மிச்சம் இருவதுதான், அத நெனச்சா எனக்குத்தான் எரிச்சல்.

மூணாவது_செம்:

அண்ணா ஆஸ்கில கை கழுவறதுல ஃபெயில்னு படிச்சுட்டு ஹாஸ்டல்ல எல்லாருக்கும் காட்டிட்டேன் சாரி 😂

டோக்கன்_14:

பல்லடம் தம்பி, கவர்மெண்ட் கவுன்சிலிங் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுமானு பாருங்க. நீட் வேண்டாம், ப்ளஸ் டூ மார்க்குதான், பயாலஜி கெமிஸ்ட்ரி பிசிக்ஸ் மார்க் எவ்வளவுனு பாத்துக்கங்க. கெடச்சா பீஸ் பெரிசா இருக்காது. ரெண்டும் கெடச்சா எனக்கு கவர்மெண்ட்தான் மொதல், ஏன்னா கூட்டம், ஒரு நாள்ல அவ்வளவு கேஸ் பாக்கலாம். சிஸ்டர் அம்மா கோச்சுக்குவாங்க. அப்பறம் தங்கச்சி ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ங்கறதால புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், எந்த காலேஜா இருந்தாலும் ஆபீஸ்ல கேளுங்க, விட்றாதீங்க.

வடாற்காடு_சிஸ்டர்:

கோச்சுக்க மாட்டேன். கவர்மெண்ட்ல கை ஓடும், அது உண்மை. ஆனா அங்க ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அம்பது பேர பாக்கும்போது ஸ்டூடண்ட் வேலையாள் ஆயிடுவா, பக்கத்துல நின்னு இத இப்படிப் பண்ணுனு சொல்ல ஆள் இருக்காது. மிஷன் ஆஸ்பத்திரில என்ன சொத்துனா அந்த சொல்லிக் குடுக்கற பழக்கம்தான். எங்க டியூட்டர் ஒருத்தங்க பேஷண்ட் செத்த பின்னாடி கூட பேர சொல்லிக் கூப்பிட்டு, ஐயா உங்கள இந்தப் பக்கம் திருப்பறேன்னு சொல்லிட்டுத்தான் உடம்ப தொடைப்பாங்க. நான் மொதல் தடவை பாத்தப்ப பயந்துட்டேன், இந்தம்மாவுக்கு கிறுக்கானு. இருபது வருஷம் கழிச்சு நானும் அப்படித்தான் பண்ணிட்டு இருந்தேன். ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்யவும்னு பைபிள்ல ஒரு வரி, அதுதான் வேலூர்ல எங்களுக்கு போதிச்ச வாக்கியம். அதுல சாமி பேரு கூட இல்ல பாரு.

கிராமத்துக்கும் அனுப்புவாங்க. வேலூர் பாகாயத்துல இருந்து கிளம்பி வீடு வீடா போவோம், கையில ஒரு பை, அதுல சோப்பு, துண்டு, பிபி மிஷின். திண்ணையில நியூஸ் பேப்பர் விரிச்சு அது மேலதான் பைய வைக்கணும், மொதல்ல கை கழுவணும், எல்லாத்துக்கும் ஒரு வரிசை. அங்கதான் நான் கத்துக்கிட்டேன், சுகர் மாத்திரை சாப்பிடறியானு கேட்டா எல்லாரும் சாப்பிடறேன்னுதான் சொல்லுவாங்க, மாத்திரை டப்பாவ எடுத்துட்டு வா தண்ணி குடிச்சுட்டே பேசலாம்னு சொன்னாத்தான் உண்மை தெரியும்.

பல்லடம்_பஸ்_37:

அப்டேட் போடறேங்க. திங்கக்கெழமை போனோம், நானு, தங்கச்சி, அமுச்சி மூணு பேரும். அமுச்சி வர மாட்டேன்னுதான் சொல்லுச்சு, மூணாவது செம் தங்கச்சி எழுதுன கார்த்திகை தீபம் கதையையும் சிஸ்டர் அம்மா எழுதுன வளையல் கதையையும் படிச்சுக் காட்டுனேன், சரி அந்த எடத்த நானே கண்ணுல பாக்கறேன்னு கெளம்பிருச்சு. ஒம்பதரைக்கே ஓபில நிக்க எடம் இல்லீங்க. அமுச்சி ஒரு பெஞ்சுல உக்காந்துச்சு, நாங்க ஆபீஸ்ல பேசிட்டு வர்றதுக்குள்ள அது பக்கத்துல இருந்த ஆளுங்க கூட பேசி எந்த டாக்டர் நல்லா பாப்பாரு, மாத்திரை வெல எவ்வளவு, எல்லாத்தையும் வெசாரிச்சு வெச்சிருந்துச்சு. அதோட நிக்கல, தனக்கும் சீட்டு போட்டு சுகர் பாத்துருச்சு, முன்னூத்தி பத்து இருந்துச்சுங்க, எங்களுக்கு யாருக்குமே தெரியாது, அதுக்கு சுகர் இருக்கறதே.

ஊசி போட்டது ஒரு ஸ்டூடண்ட் பொண்ணு, நெத்தில சின்னதா பொட்டு. அமுச்சி அந்த புள்ளைய உன் பேரென்ன கண்ணுன்னு கேட்டுச்சு, புவனேஸ்வரின்னு சொல்லுச்சு. எந்த வருஷம்னு கேட்டுச்சு, கடைசி வருஷம்ங்க பாட்டின்னுச்சு. அமுச்சி அப்பறம் ஒண்ணும் பேசல. பஸ்ல வர்றப்ப நைட் டூட்டினா கூட ஆள் இருக்குமான்னு மட்டும் கேட்டுச்சு.

சேப்பல் கண்டிப்பானு வார்டன் கிட்ட கேட்டோம், ஞாயித்துக்கெழமை எல்லாரும் வரோணும், பாடறது ஜெபிக்கறது அவங்கவங்க இஷ்டம்னு நேராவே சொன்னாங்க, எனக்கு அந்த நேர்மை புடிச்சிருந்துச்சு. கவுன்சில் லிஸ்ட்ல பேரு இருக்குது, பாத்துட்டேன். கவுன்சிலிங்ல எடம் வந்தா பணத்த திருப்பித் தருவீங்களானு கேட்டு எழுதி வாங்கியிருக்கேன், கரூர் ஐயாவுக்கு நன்றி. அப்பா நேத்து ராத்திரி தறிய நிறுத்திட்டு வந்து ஒரு தகரப் பொட்டிய எறக்கி தொடச்சுட்டு இருந்தாரு, எங்கம்மாவோடது.

இப்ப ஒரு சின்ன சந்தேகம்ங்க, வாங்க வேண்டிய லிஸ்ட் குடுத்திருக்காங்க, வெள்ளை ஷூவும் வாட்ச்சும் வாங்கச் சொல்லியிருக்காங்க. வாட்ச்சு எந்த மாதிரி வாங்கறது, டிஜிட்டல் பரவால்லீங்களா?

மூணாவது_செம்:

ஐயோ டிஜிட்டல் வேண்டாம் அண்ணா! நொடி முள்ளு ஓடற வாட்ச்தான் வேணும், பல்ஸ் எண்ணும்போது ஒரு கண்ணு முள்ளு மேல ஒரு கண்ணு பேஷண்ட் மேல இருக்கணும். சில காலேஜ்ல கையிலயே கட்ட விட மாட்டாங்க, யூனிஃபார்ம்ல குத்திக்கற மாதிரி தலைகீழா தொங்கும் ஒண்ணு, அது வேணுமானு கேட்டுட்டு வாங்குங்க.

தக்கலைக்காரன்:

ஷூ ஒரு சைஸ் பெரிசா வாங்குங்க தம்பி. காலையில கடையில போட்டுப் பாத்து வாங்காதீங்க, சாயங்காலம் போங்க, நாளெல்லாம் நின்னா கால் வீங்கும், அப்பம்தான் சரியான அளவு தெரியும்.

வடாற்காடு_சிஸ்டர்:

அமுச்சிக்கு மாத்திரை எப்ப எப்பனு எழுதி சுவத்துல ஒட்டுங்க. டப்பாவ எண்ணிப் பாக்கற வேலைய தங்கச்சி கிட்ட இப்பவே குடுத்துடு.